மாத்திப்பாருவின் இடது பக்கம்

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் அவர் மாத்திப்பாருதான். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் மக்கர் செய்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் உதிர்வது "மாத்திப் பாரு" என்பதுதான். எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அவரே போனில் "ஹலோ, மாத்திப்பாரு பேசறேன்" என்று சொல்கிற அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

வித்தை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லிஃப்ட். ஒன்று ஓடுகிறது, ஒன்று படுத்துவிட்டது. படுத்ததன் சர்க்யூட் கார்டைக் கழற்றி, ஓடுவதில் மாட்டு. கோளாறு கார்டோடு சேர்ந்து இந்தப் பக்கம் வந்துவிட்டால் கார்டுதான் குற்றவாளி. வராமல் அங்கேயே உட்கார்ந்திருந்தால் கார்டு நிரபராதி, அடுத்த ஆளைப் பிடி. எதை நகர்த்தினால் கோளாறும் கூடவே நகர்கிறதோ, அதில்தான் கோளாறு. அதுவரைக்கும் யார்மீதும் பழி போடக் கூடாது. இந்தக் கடைசி விதியை அவர் லிஃப்டுகளிடம் மட்டும் கடைப்பிடித்தார்.

அவருக்கு இன்னொரு பெருமை, காது. மோட்டார் அறையில், ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியை இடது காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். "பேரிங் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும்" என்பார். இழுக்கும். எப்போதும் இடது காதுதான்; வலது கை டார்ச்சுக்கு வேண்டுமே. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இப்படி. ஆபீசில் ஃபேன் கிறீச்சிட்டாலும், யாராவது பழைய ஸ்கூட்டர் வாங்கப் போனாலும், காதுக்கு அவரைத்தான் கூட்டிப் போவார்கள். கொஞ்ச நாளாக எல்லா மோட்டாரும் வெண்ணெயாக ஓடுகின்றன, புது கிரீஸ் அருமையான கிரீஸ் என்று கம்பெனியில் புகழ்ந்துகொண்டிருந்தார். காது விஷயத்தில் அவருக்குத் தலைக்கனம் உண்டு என்று சொன்னால், அது மரியாதைக்காகக் குறைத்துச் சொல்வது.

இப்பேர்ப்பட்ட காதுக்குத் தகுந்த பாட்டுப்பெட்டி வீட்டில் இல்லை என்பதுதான் அவருடைய மனக்குறை. கடையில் விற்கும் ஹை-ஃபை எல்லாம் ஆனை விலை. சரி, நாமே செய்துவிடுவோம் என்று இறங்கினார். ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்டின் உட்புறத்தைப் புதுப்பித்தபோது, பழைய பலகைகளைக் குப்பைக்குப் போக விடாமல் கேட்டு வாங்கி வந்தார். நல்ல கனமான பிளைவுட். அதை அறுத்து, ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் டப்பா செய்தார். ஒன்றின் நெற்றியில் "ஆறு பேர் மட்டும்" என்ற எழுத்து அப்படியே இருந்தது. இன்னொன்றில் எந்தக் காலத்துக் காதலனோ லிஃப்டுக்குள் சாவியால் கீறிய இதயம், அம்போடு. உள்ளே அடைக்கப் பஞ்சு வேண்டும் என்று மனைவியின் தலையணையைக் கிழித்தார்.

"என் தலையணைதான் கெடைச்சுதா? உங்களுது என்னாச்சு?" என்றாள் அவள்.

"என்னுதுல பஞ்சு கட்டி கட்டியா இருக்கு. சவுண்டு கெட்டுடும்."

அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் அச்சடித்த எழுத்துபோலப் படிப்பாள். கடை முதலாளிக்கே மாத்திரை எங்கே இருக்கிறது என்று தெரியாது, அவளைத்தான் கேட்பார். வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். சமையலறைக் கதவு அந்தப் பக்கம் என்பதால், சாப்பாட்டு மேஜையில் அவள் எப்போதும் அவருக்கு இடது கைப்பக்கம் உட்காருவாள். சில மாதங்களாக அவர்களுக்குள் பேச்சு தேவைக்கு மட்டும் என்று ஆகியிருந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது, குழாய் ஒழுகுகிறது, அவ்வளவுதான். அவள் எதையாவது ஆரம்பித்தால் இவர், "முணுமுணுக்காதே, வாயத் திறந்து பேசு" என்பார். அவள் வாயை மூடிக்கொள்வாள். கடையில் நின்று நின்று களைத்துப்போகிறாள் போலிருக்கிறது என்று இவர் தாமாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து, அதோடு விட்டுவிட்டார்.

மிச்சம் இருந்தது ஆம்ப்ளிஃபயர். விலை மலிவாக இருக்க வேண்டும், ஆனால் மட்டமாக இருக்கக் கூடாது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு உலகத்தில் எத்தனையோ பேர் அலைகிறார்கள். அவர்களில் ஒருவராக இவரும் சேர்ந்தார். போனில் விடியோ விடியோவாகப் பார்த்தார். கடைசியில் கடைத்தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருப்பவரிடம் போய் நின்றார். சாமான் பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்கிற நல்ல மனிதர். அவர் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு டப்பாவை எடுத்து வைத்தார்.

"அண்ணே, இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க. பாக்கத்தான் சோப்பு டப்பா. உங்க ஸ்பீக்கருக்கு இது தாராளம்."

வீட்டுக்கு வந்து மாட்டினார். நாற்காலியை நடுவில் போட்டு, "ஆறு பேர்" இடதுபக்கம், "இதயம்" வலதுபக்கம் என்று அளந்து வைத்து, ஒரு பெண் பாடுகிற பாட்டைப் போட்டார். இரண்டு டப்பாவுக்கும் நட்ட நடுவில் அவள் நிற்க வேண்டும். நிற்கவில்லை. வலதுபக்கம் ஓரமாகப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு பாடினாள். இடது டப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்த மாதிரி முனகியது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் கையால் செய்த டப்பா!

"நீதான் பெருக்கும்போது இடிச்சிருக்கே" என்றார் எடுத்த எடுப்பில்.

"நான் அந்தப் பக்கமே போகல."

"பொய் சொல்லாதே. தானா கெட்டுப்போகுமா?"

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் மாற்றிப் பார்த்தார். "இதய"த்தை இடதுபக்கம் வைத்தார். இப்போது "இதயம்" முனகியது, "ஆறு பேர்" கணீரென்று பாடியது. கோளாறு டப்பாவோடு நகரவில்லை. டப்பாவுக்கு விடுதலை கிடைத்தது. மனைவிக்குக் கிடைக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. வயரை மாற்றினார், மாறவில்லை. அப்படியானால் ஆம்ப்தான்.

கடைக்காரர் மறுபேச்சு பேசாமல் எடுத்துக்கொண்டு வேறொன்று கொடுத்தார். யாரோ உபயோகித்த பழைய ஆம்ப், நல்ல கனம், முகம் முழுக்கக் குமிழ்கள். அதிலும் இடது பக்கம் மந்தம். அவரால் நம்பவே முடியவில்லை. இதில் சத்தத்தை இடம் வலம் தள்ளுவதற்கு ஒரு குமிழ் இருந்தது. அதை இடதுபக்கம் திருகத் திருகப் பாடுகிறவள் ஒருவழியாக நடுவுக்கு வந்தாள், நொண்டிக்கொண்டு.

சமையலறை வாசலிலிருந்து மனைவி, "ஏங்க, எல்லாம் ஏன் இந்தப் பக்கமே கத்துது? காதைத் துளைக்குது" என்றாள்.

"உனக்குச் சவுண்டப் பத்தி என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டார். நாற்காலியைவிட்டு எழுந்துபோய் அவள் நிற்கும் இடத்தில் ஒரு நிமிஷம் நின்று கேட்டிருக்கலாம். செய்யவில்லை.

மறுநாள் அந்த ஆம்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் அங்கேயே தன்னுடைய ஸ்பீக்கர்களில் மாட்டிப் பாட்டுப் போட்டுக் காட்டினார்.

"நல்லா கேளுங்க அண்ணே. ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"எங்க ஒண்ணா இருக்கு? இதோ, இங்கயும் இடது பக்கம் செத்துக் கெடக்கு. என் காதுல பூ சுத்தாதீங்க!"

பேட்டரி வாங்க வந்த ஒருவர், "சரியாத்தானே சார் கேக்குது?" என்றார். மாத்திப்பாருவுக்குக் கோபம் தலைக்கேறியது. இது என்ன, ஆள் வைத்துப் பேசச் சொல்கிறீர்களா, கெட்டுப்போன சாமானையெல்லாம் தலையில் கட்டுகிறீர்களா என்று வாய்க்கு வந்தபடி பேசி, கடைசியில் திருடன் என்றும் சொல்லிவிட்டார். வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள். கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. எத்தனையோ வருஷமாக அந்தக் கடையை நடத்துகிறார், ஒருவரும் அவரைத் திருடன் என்று சொன்னதில்லை. எழுந்து, மாடியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய், ஒரு ஆம்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது விக்கிறதுக்கு இல்ல. நான் தினம் பாட்டு கேக்கறது. கொண்டுபோய்க் கேளுங்க. இதுலயும் இடது பக்கம் சரியில்லன்னா, இனிமே என் கடைப் படி ஏறாதீங்க."

சாயங்காலம் அதை மாட்டினார். மனைவி இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. பாட்டைப் போட்டார். பாடுகிறவள் நேராக வலதுபக்கச் சுவருக்குப் போனாள்.

இதிலும் இருந்த இடம்-வலம் குமிழை அவர் இடதுபக்கம் கோடிவரைக்கும் திருகினார். பிறகு, இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். ஆம்பின் முதுகில் இடதுக்குப் போகும் வயரை வலதிலும், வலதுக்குப் போவதை இடதிலும் மாட்டி, குமிழை மறுகோடிக்குத் திருப்பிக் கேட்டார். ஆம்பின் கோளாறு என்றால் இப்போது இடது டப்பாவுக்குத் தெளிவு வந்தாக வேண்டும். வரவில்லை. அதே இடது பக்கம், அதே கம்பளி. அவர் விரல் விட்டு எண்ணினார். டப்பாவில் இல்லை. வயரில் இல்லை. ஆம்பில் இல்லை, அதுவும் மூன்று ஆம்பில் இல்லை. கடைக்காரரின் கடையிலும் இதே கோளாறு இருந்தது என்றால் இந்த அறையிலும் இல்லை. மோட்டார் அறைகளில் ஒரு தடவைகூடப் பொய் சொல்லாத கணக்கு இது. எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது, மாற்ற ஒன்றும் பாக்கி இல்லை.

எல்லா வயரையும் பழையபடி மாட்டி, குமிழைத் திரும்ப இடது கோடியிலேயே வைத்தார். வயரை முடுக்கும் சின்னத் திருகு ஒன்று கையிலிருந்து நழுவி, நாற்காலிக்குப் பின்னால் உருண்டு போனது. எழுந்து, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டியபடி நடந்து குனிந்தார். அந்தக் கணத்தில் பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். அவர் பதறிப்போய் நிமிர்ந்தார். கத்தியது இடது டப்பா. இவ்வளவு நாளும் முனகிக்கொண்டு கிடந்த அதே டப்பா காதைப் பிளந்தது. அப்பாடா, சரியாகிவிட்டது என்று திரும்பினார். திரும்பியதும் அது முனகியது.

மறுபடி முதுகைக் காட்டினார். கத்தியது. திரும்பினார். முனகியது.

ஆம்பில் கை படவில்லை, வயரில் கை படவில்லை. நகர்ந்தது ஒரே ஒரு சாமான். அது நகரும்போது கோளாறும் கூடவே நகர்ந்தது.

மாத்திப்பாருவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்றுகொண்டு, ஆள்காட்டி விரலால் வலது காதை மெதுவாக அடைத்தார். பாட்டு போய்விட்டது. தாளம் இல்லை, பாடுகிறவள் இல்லை. யாரோ பக்கத்து வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் எதையோ உருட்டுவது போல ஒரு தடதடப்பு மட்டும். விரலை எடுத்தார், பாட்டு வந்தது. வைத்தார், போனது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து வைத்துக் கேட்ட காது. ஊரெல்லாம் கூட்டிப்போன காது. அவருக்குப் பெரிதாக அழ வேண்டும் போலிருந்தது, ஆனால் திகைப்பில் அழுகைகூட வரவில்லை.

அப்புறம் புது கிரீஸ் ஞாபகத்துக்கு வந்தது. வெண்ணெயாக ஓடுகிற மோட்டார்கள். அத்தனையும் நன்றாக இருக்கின்றன என்று கையெழுத்துப் போட்டது இவர். அந்த லிஃப்டுகளில் இந்த நேரத்திலும் ஜனங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். போனை எடுத்துக் கம்பெனியில் கூப்பிட்டு, தான் பார்த்த மோட்டார் அத்தனையையும் வேறு ஆளை வைத்து உடனே பார்க்க வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டார்கள். "என் காதுல கோளாறு" என்றார். அந்தப் பக்கம் சிரித்தார்கள். "சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன்" என்றார். போனை அவர் வலது காதில்தான் வைத்திருந்தார். எப்போதிலிருந்து போன் வலது காதுக்கு வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

மனைவி வந்தது அவருக்குத் தெரியாது. ஏதோ அசைவது போலிருந்து திரும்பினால், அவருக்கு இடது பக்கம், தோளில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். வாய் அசைந்தது.

"என்ன சொன்னே?"

"பாட்டக் கொறைங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

அவர் போய்ச் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டு வந்தார். "நீ அங்கயே நில்லு" என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு வலது காதை விரலால் அடைத்தார். "ஏதாவது சொல்லு. எப்பவும் பேசற மாதிரி சொல்லு."

கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "சொல்லு" என்றார் மறுபடி.

கண்ணைத் திறந்தபோது அவள் அவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"சொன்னேனே" என்றாள். "மூணு தடவ சொன்னேன்."

அவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆம்ப் எல்லாம் நல்ல ஆம்ப். எனக்குத்தான் இந்தப் பக்கம் போச்சு. நீ டப்பாவ இடிக்கல. அந்தக் கடைக்காரர நான் திருடன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

டாக்டர், மாத்திரை என்று அவள் ஏதாவது ஆரம்பிப்பாள் என்று எதிர்பார்த்தார். தினமும் அதில் கிடக்கிறவள்தானே. அவளோ மேஜையைப் பார்த்தாள். தான் வழக்கமாக உட்காரும் நாற்காலியையும், அதற்கு வலது கைப்பக்கம் இருந்த அவர் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சுற்றிக்கொண்டு அவருக்கு வலதுபக்கம் வந்தாள்.

"அப்போ அன்னைக்கு நான் கேட்டது?"

"என்னைக்கு? என்ன கேட்டே?"

"புதுக் கடைய பத்தி."

"எந்தப் புதுக் கடை?"

அவள் உட்கார்ந்தாள். பை தோளிலேயே இருந்தது. "முதலாளி ரெண்டாவது கடை திறந்தாரு இல்ல, ஆஸ்பத்திரிக்கு எதிர்ல. அத முழுசா என்னையே பாத்துக்கச் சொன்னாரு. நான்தான் பொறுப்பு. சாப்பிடும்போது உங்ககிட்ட கேட்டேன். போகட்டுமான்னு கேட்டேன். நீங்க தலைய நிமித்தவே இல்ல. தட்ட வழிச்சு சாப்பிட்டுட்டு, எழுந்து கை கழுவப் போயிட்டீங்க."

"எனக்குக் கேக்கல. சத்தியமா எனக்குக் கேக்கல. நீ ஏன் இன்னொரு தடவ கேக்கல?"

"ஏன் கேக்கணும்? என்னத்தக் கேட்டாலும் முணுமுணுக்காதேன்னு சொல்வீங்க. அன்னைக்கு அதுகூட சொல்லல. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லக்கூட நான் லாயக்கில்லன்னு நெனச்சேன். மறுநாளே முதலாளிகிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். இப்ப அங்க வேற ஒருத்தி உக்காந்திருக்கா. மாத்திரை பேரு தெரியலன்னா எனக்குத்தான் போன் பண்றா."

அறையில் பாட்டு மிக மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது. மாத்திப்பாரு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை மாதம் களைப்பு என்று அவர் பெயர் வைத்திருந்தது இதற்குத்தானா? ஒரு லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களைக்கூட இவ்வளவு நேரம் அவர் விட்டதில்லை.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்றாள் அவள்.

இது வலது பக்கத்திலிருந்து வந்தது. ஒரு எழுத்துகூடத் தப்பாமல் கேட்டது. போ என்று சொல்லியிருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். அது பொய் என்று அவருக்கே தெரிந்தது. வீட்டுக்கு நேரத்தோடு வர முடியாது, சமையல் என்ன ஆகும் என்று ஆரம்பித்திருப்பார். அவள் காத்திருந்தாள். அன்றைக்கும் இப்படித்தான் காத்திருந்திருப்பாள்.

"சண்ட போட்டிருப்பேன்" என்றார். "வேணாம்னு குதிச்சிருப்பேன். நீயும் விட்டிருக்க மாட்டே. நாலு நாள் சண்ட நடந்திருக்கும். கடைசியில நீ போயிருப்பே."

அவள் தலையாட்டினாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, அவள் துடைக்கவில்லை.

"அந்தச் சண்டையாவது எனக்குக் கெடச்சிருக்குமே" என்றாள்.

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். நாளைக்குக் கடைத்தெருவுக்குப் போக வேண்டும், எல்லோர் முன்னாலும் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், படி ஏற விட்டால் அந்தச் சோப்பு டப்பாவையே வாங்கி வர வேண்டும். அதற்கெல்லாம் வழி இருந்தது. இதற்கு எதை மாற்றிப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆம்ப் இருந்த ஸ்டூல் பக்கம் போனாள். இடது கோடியில் கிடந்த குமிழைப் பிடித்துச் சரியாக நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். சத்தத்தையும் கொஞ்சம் கூட்டினாள். பாடுகிறவள் மறுபடி வலதுபக்கச் சுவருக்குப் போய்விட்டாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், குமிழைத் தொடவில்லை.

"எனக்கு இப்பத்தான் நடுவுல கேக்குது" என்றாள் அவள்.